கையெழுத்துப் போடாத மருமகள்

காலை ஜெபத்துக்கு எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் மூத்த மருமகள் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். பதினெட்டு நாளாக மாமியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்.

"ஆண்டவரே... என் மூத்த பிள்ளை வயித்துல இருக்கும்போதே உமக்குன்னு ஒப்புக்கொடுத்தேனே! இத்தனை வருஷம் கழிச்சு மிஷனெரியா வான்னு கூப்பிட்டீரே! அதைத் தட்டி விட்டுட்டாளே ஒருத்தி... அவ கல்நெஞ்சைக் கரையப் பண்ணும்!"

"ஆமென்!" என்றாள் கொழுந்தன் மனைவி, கொஞ்சம் சத்தமாகவே. "ஏசி வார்டுல வேலை பார்த்த உடம்பு, மலையேறுமா ஆண்டவரே..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் நர்ஸ். அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எங்கோ மலைக்காட்டில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் ஊழியத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் அழைப்பு ரத்து. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே படிவம் திரும்பிப் போனது. சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

உண்மையில் நர்ஸ் படிப்பு படித்த காலத்திலிருந்தே அவள் ஏங்கிய வேலை அது. படிவத்தோடு பேனாவையும் எடுத்துக்கொண்டுதான் கணவரிடம் போனாள். அவர்தான், "என்னால முடியாதும்மா... அம்மாகிட்ட சொல்லவும் முடியாது" என்று உடைந்து போனார்.

"சரி விடுங்க. நான் கையெழுத்துப் போடல. எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிடுங்க."

வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

மாமியார் இன்னும் முடிக்கவில்லை.

"பெத்த புள்ளையப் பறிகொடுத்தும் இவளுக்குப் புத்தி வரலையே ஆண்டவரே!"

மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன பாப்பாவைச் சொன்னதும் அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா! போதும் நிறுத்துங்க!"

கணவர் எழுந்து நின்றிருந்தார்.

"முடியாதுன்னது இவ இல்ல... நான்! பாப்பாவோட நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்ததே நான்தாம்மா. பார்த்ததுமே பிழைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. வெளிய வந்தா, நீங்கல்லாம் சுகமாயிடும்னு முழங்கால்ல நிக்கிறீங்க... அன்னிலேர்ந்து எனக்கு ஜெபம் வரலம்மா! மூணு வருஷமா வாயை மட்டும்தான் அசைக்கிறேன். நான் போய் யாருக்கும்மா ஆண்டவரைப் பத்திச் சொல்றது?"

"டேய்... என்கிட்ட சொல்லக் கூடாதாடா?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு இவ பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா. நான் கோழை மாதிரி பார்த்துட்டு இருந்தேன்."

கொழுந்தன் மனைவி வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து வந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உனக்கு... போகணும்னு இருந்துச்சாம்மா?"

இல்லை என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடத்தான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"ரொம்ப ஆசைப்பட்டேன் அத்தை."

"பாவி நான்... என்ன வார்த்தை சொல்லிட்டேன்! இப்பவே எழுதிப் போடு. நீயாச்சும் போய் வேலை பாரு. இவனை நான் பாத்துக்கறேன்!"

"இவரை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படி அத்தை போறது?" அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அதுவும் இல்லாம, அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. நேத்துதான் போதகர் சொன்னாரு."

சொல்லி முடிக்கும்போதுதான் பதினெட்டு நாள் அழுகையும் மொத்தமாக வந்தது. மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.