ஓரம் இல்லாத படுக்கை

நாய்கள் காப்பகத்திலிருந்து திரும்பி வந்த படுக்கையில் ஒரு நாய் முடிகூட இல்லை.

பெரியவள் அதைப் பட்டறை வாசலில் வெளிச்சம் படும்படி சாய்த்து வைத்து, உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு துணியின் மேல் அழுத்தித் தடவிப் பார்த்தாள். நாய் படுத்து எழுந்த துணி என்றால், எத்தனை முறை அலசிக் காயப்போட்டிருந்தாலும், ஈரக்கையில் நாலு முடியாவது ஒட்டும், கூடவே அந்த வாடையும் வரும். இதில் கை சுத்தமாக வந்தது. வாடை மட்டும் இருந்தது, ஆனால் அது நாய் வாடை இல்லை. நெடுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஒன்று. அதற்குள்ளே மெல்லியதாக ஒரு எச்சில் நாற்றம்.

"கழுவிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அழுக்கானாத்தானேம்மா கழுவணும்?" என்றார் காப்பகக்காரர். வண்டி எஞ்சினை அணைக்காமலே நின்றிருந்தார். "சும்மா சொல்லக் கூடாது, உங்க வீட்டுச் சின்னம்மா கை கைதான். ஒரு பல்லு பதியல. நம்ம ரம்பத்தோட கூண்டுலயே போட்டு வெச்சிருந்தேன்."

ரம்பம் என்பது அங்கே வளரும் கறுப்பு நாயின் பட்டப்பெயர். வாளி, கதவு, ஒரு தடவை காப்பகக்காரரின் பெல்ட் என்று அதன் வாயில் தப்பித்த பொருளே கிடையாது. பெரியவள் தைத்துக் கொடுத்த மாதிரிப் படுக்கையை ஒரே ராத்திரியில் நார் நாராக்கிவிட்டது. அந்தக் கிழிசலை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசை மேலேயே விரித்துக்காட்ட, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இளைய மருமகள் சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பெரியவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"அப்போ ரம்பம் இதுல சுகமாப் படுத்துத் தூங்குச்சாக்கும்?"

காப்பகக்காரர் தலையைச் சொறிந்தார். "படுக்கலம்மா. கடிக்கவும் இல்ல, படுக்கவும் இல்ல. கூண்டு மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கும். நின்னபடியே தூங்கும். வேற கூண்டுல போட்டேன், அங்க இருந்த நாயும் அப்படியே. நீங்க திருப்பிக் கேட்டது நல்லதாப் போச்சு." சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்று அவள் வாய் திறப்பதற்குள் வண்டியில் ஏறிப் போய்விட்டார். வாசல் கேட்டில் கட்டியிருந்த வீட்டு நாய் தடியன், யார் வந்தாலும் ஊரைக் கூட்டுகிறவன், இன்றைக்குக் குரைக்கவே இல்லை. கயிறு எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் இழுத்துப் போய், தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான்.

அவள் அதைக் கவனித்தாள். கவனித்து என்ன, மனசெல்லாம் படுக்கையில் கிடந்தது.

இந்தப் பட்டறையில் முதல் நாய்ப் படுக்கையைத் தைத்தவள் அவள். வீட்டுக்காரரும் கொழுந்தனும் அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டம் போடுவார்கள். தார்ப்பாய்போல் தடித்த துணியை இரண்டு அடுக்காக, நடுவில் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவது அவள் வேலை. ஜன்னலோரத்துப் பெரிய மெஷின் அவளுக்கென்றே வாங்கியது. நாயின் பல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. நாய் துணியின் நடுவில் கடிக்காது, பல்லுக்குப் பிடி கிடைக்காது. ஓரம் தேடும். ஒரு மடிப்பு, ஒரு பிசிறு கிடைத்துவிட்டால் போதும், விடியும்போது படுக்கை இருக்காது. ஓரத்தை எவ்வளவு மறைக்கிறோமோ அவ்வளவு ஆயுள்.

இதெல்லாம் தெரிந்தவளை ஓரங்கட்டிவிட்டு, நேற்று வந்த கொழுந்தன் பெண்டாட்டி பேர் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? காப்பகத்துக்கு வேண்டிய படுக்கை முழுவதும் சின்னவள் தையலில்தான் வேண்டுமாம். "நாளையில இருந்து ஜன்னல் மெஷின்ல அவ உக்காரட்டும், நீ நூல் கோத்துக் குடு" என்று வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நூல் கோத்துக் கொடுக்க வேண்டுமாம். இவள், அவளுக்கு.

போதாக்குறைக்குத் தடியன் விஷயம் வேறு. சின்னவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாம் கடிபட ஆரம்பித்தது. மெத்தை மூலை, செருப்பு, நாற்காலிக் கால், அவளுடைய தலையணை. பழி தடியன் மேல் விழுந்தது. கொழுந்தன் அவனை பெல்ட்டால் விளாசினார். வீட்டுக்குள் பெரியவளின் காலடியில் படுத்துக் கிடந்தவனை கேட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள். சின்னவள் இந்தப் படுக்கையைத் தைத்து முடித்த பிறகு கடிப்பது நின்றது. தடியனை வெளியே கட்டியதால்தான் நின்றது என்றார்கள். ஆனாலும் அவனை உள்ளே விடவில்லை.

படுக்கையைக் காப்பகத்துக்கு அனுப்பியதும் சின்னவள்தான். "அங்கயே இருக்கட்டும், திருப்பி வாங்க வேணாம்" என்றாள். என்ன தாராளம் என்று வீடே மெச்சிக்கொண்டது. சீன் போடுகிறாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. ஏதோ மருந்து தடவியிருக்கிறாள், கசப்போ காரமோ. அதனால்தான் நாய் கிட்டே வருவதில்லை. இதைப் பிரித்து, கையும் களவுமாக எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும். அதற்காகத்தான் யாருக்கும் தெரியாமல் காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

அண்ணனும் தம்பியும் சரக்கு இறக்கப் போயிருந்தார்கள். சின்னவள் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. பெரியவள் படுக்கையைத் தூக்கினாள். ஒரு கையில் இரண்டு படுக்கை தூக்குகிறவளுக்கு, இதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பட்டறையின் கடைசியில் துணிச்சுருள் வைக்கிற அறைக்குக் கொண்டுபோனாள். வெயில் பட்டுச் சாயம் போய்விடக் கூடாதென்று ஜன்னலே வைக்காத அறை. சுவர் நெடுக ஆள் உயரத்துக்குச் சுருள்கள், நடுவில் ஒற்றை பல்பு. கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் முகர்ந்தாள். பிறகு நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தாள். கசப்பில்லை, காரமில்லை. சரி, ஓரத்தைப் பிரிப்போம் என்று விரலால் சுற்றிலும் நெருடிக்கொண்டு போனாள். ஓரம் இல்லை. இன்னொரு சுற்று வந்தாள். துணியின் விளிம்பைச் சின்னவள் மூன்று மடிப்பாக உள்ளே திருப்பி, அதையும் குழாய்க்குள் செலுத்தி, குழாயின் வாயை அடைத்து, தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்றே தெரியாமல் செய்திருந்தாள். இவ்வளவு வேலை நாய்க்குத் தேவையே இல்லை. ஒரு நாய்க்காக யாராவது மூன்று மடிப்பு மடிப்பார்களா?

என்ன கை இது, என்று நினைத்தாள். எனக்கு ஏன் இந்தக் கை இல்லை?

அந்த ஆத்திரத்தில்தான் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். பிரிக்கவெல்லாம் பொறுமையில்லை. துணியில் குத்தி, ஒரு முழ நீளத்துக்கு அறுத்தாள்.

வெட்டிய வாயிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. அவள் மணிக்கட்டில் பட்டது, முழங்கையில் பட்டது, கன்னத்தோடு உரசிக்கொண்டு தோளைத் தாண்டிப் போனது. மடியில் கனம் குறைந்தது. இரண்டு கையால் தூக்கிய சட்டம் இப்போது முழங்காலில் காகிதமாக ஆடியது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தூரத்தில், தடியன் அழ ஆரம்பித்தான். குரைப்பு இல்லை. அழுகை.

அவள் துணியை விரித்து உள்ளே பார்த்தாள். ஸ்பாஞ்சு இல்லை. எதுவுமே இல்லை. வெறும் துணி.

உட்புறமாகத் திருப்பினாள்.

உள்பக்கம் முழுக்கப் பல்தடம்.

நாய்க் கடி என்றால் கோரைப் பல் இரண்டும் முதலில் ஆழமாக இறங்கும். இதில் கோரைப் பல்லே இல்லை. சின்னச் சின்னதாய், தட்டையாய், வரிசையாய். ஆப்பிளைக் கடித்து வைத்த மாதிரி அரைவட்டம். ஆனால் அந்த அரைவட்டத்தின் அகலம் அவளுடைய இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தாலும் மிஞ்சியது. நடுவில் அவ்வளவாக இல்லை. மடிப்பு நெடுக, தையல் நெடுக, மேலே மேலே, நெருக்கி நெருக்கி. ஒரு மூலையில் மூன்று மடிப்பில் இரண்டு அறுந்திருந்தது. உள்ளே இருந்துகொண்டு, இத்தனை மாதமும், ஓரம் தேடியிருக்கிறது.

தலையணை. செருப்பு. நாற்காலிக் கால்.

தடியன் இல்லை. தடியன் இல்லவே இல்லை.

வெளியே குடையை உதறுகிற சத்தம். "அக்கா? லைட் எரியுதே, உள்ளயா இருக்கீங்க?" கதவு ஒரு சாண் திறந்தது. சின்னவளின் முகம், ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மழைத்துளியோடு. மடியில் கிடந்த சட்டத்தைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

"நான்தான் கொண்டாரச் சொன்னேன்." இப்போதும் குரலில் அந்தக் குத்தல் வந்து ஒட்டிக்கொண்டது. "ஏன், உன் வேலைப்பாட்டை நான் பாக்கக் கூடாதா?"

சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுருள்களைப் பார்த்தாள். பிறகு அதற்கும் மேலே.

"அறுத்துட்டீங்களாக்கா?"

"கொஞ்சம்தான்... நான் வேணும்னா தச்சுக் குடுத்துடறேன்..."

"ஐயோ அக்கா." கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "எங்க வீட்டுல இருந்தே என் பின்னாடி வருது. அதை இதுக்குள்ள இருக்க வெக்க நான் பட்ட பாடு... இனிமே அது உள்ள போகாதுக்கா. ஒரு தடவை வெளிய வந்துட்டா அதுக்கு இது பொறின்னு தெரிஞ்சுபோயிடும்."

"எதுக்கு? என்னடி சொல்றே?"

"மெஷின் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றாள் சின்னவள். "மன்னிச்சுடுங்க."

கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

பெரியவள் சட்டத்தைத் தள்ளிவிட்டு எழுந்து கதவில் மோதினாள். தலைக்கு மேலே, மின்கம்பி ஓடும் இடத்தில், நறுக்கென்று ஒரு சத்தம். பல்பு அணைந்தது.

இருட்டு. கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

"ஏய்! தெறடி! ஜன்னல் மெஷினை நீயே வெச்சுக்கோ! எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ!"

கதவுக்கு அந்தப் பக்கம் துணி கிழிபடும் சத்தம் மட்டும். நீளமாக, நேராக. நூல் பிடித்தாற்போல் கிழிக்கிறாள்.

பிறகு கதவுக்கடியில் துணி நுழைந்தது.

பெரியவள் குப்புற விழுந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. சின்னவளின் விரல்கள் தெரிந்தன. தட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி, துணியை உள்ளே திருப்பி, மடித்து, மறுபடி மடித்து. மூன்று மடிப்பு. ஒரு பிசிறு இல்லை. தேம்பி அழுதுகொண்டே செய்கிறாள், கை நடுங்கவில்லை. பாவி. எவ்வளவு நேர்த்தி. அந்த நேரத்திலும் அது மனசில் ஓடிற்று, ஓடாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேணாம்டி. நான் உன் அக்காடி."

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி மடித்தன.

பின்னால் ஒரு சுருள் சரிந்தது. இன்னொன்று. தரையில் ஏதோ இறங்கியது, அவசரமே இல்லாமல். நடக்கிற சத்தம் இல்லை. இழுபடுகிற சத்தம். அருகில் வந்தது. நின்றது.

கோடு இப்போது ஒரு விரற்கடை. அந்த வெளிச்சத்தில் அவள் தன் கையைப் பார்த்தாள், தரையில், விரித்தபடி. கைக்கு அந்தப் பக்கத்தில், அவளைப் போலவே கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, அவளைப் போலவே அந்த மிச்ச வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு முகம் கிடந்தது. அகலமாக. வாய் மட்டுமே முகமாக.

துணியின் கடைசி மடிப்பு உள்ளே வந்தது.