எவ்ளோ குடுக்குது?

காலையில் லாரிக்கு மூச்சு மாட்டிவிட்டுத்தான் பாவாயி தன் மூச்சை மாட்டிக்கொள்வாள். செவ்வாய்க் கிரகத்துச் செங்குழி ஊரில் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். காற்றுச் சாவடியின் வாசலில் வரிசையாக நிற்கும் வளிக்குடங்களில் ஒன்றை உருட்டிவந்து எஞ்சினுக்குப் பின்னால் பொருத்துவார்கள். நேற்றைய குடத்தில் பாதி மிச்சம் இருந்தாலும் கவலையில்லை. கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். காற்று இலவசம். முதல் குடியேற்றத்தின்போது யாரோ ஒரு தலைவர் தேர்தலுக்கு முந்தின வாரம் கொடுத்த வாக்குறுதி அது. பிறகு வந்த எந்தத் தலைவருக்கும் அதில் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை.

செவ்வாயின் வெளியில் ஒரு தீக்குச்சிகூட எரியாது. அங்கே எஞ்சின் ஓட வேண்டுமென்றால் எரிபொருளோடு அதை எரிக்கும் காற்றையும் சுமந்து போக வேண்டும். முன்பு மின்கல லாரிகள்தான் ஓடின. புழுதிப் பருவத்தில் வெயில் மங்கிக் குளிர் முற்றியதும் அவை கிழக் கழுதைகளைப் போல நடுவழியில் படுத்துக்கொண்டன. அதனால் செங்குழிக்காரர்கள் பூமியின் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துப் பெட்ரோல் எஞ்சினை மறுபடியும் செய்தார்கள். வரைந்தது வரைந்தபடி செய்தார்கள். ஓட்டுநருக்கு எதிரே பெட்ரோலுக்கு ஒரு முள் இருந்தது. காற்றுக்கு முள் இல்லை. பூமியில் அதற்கு அவசியம் இருந்ததில்லை.

செங்குழியின் முன்னோர்கள் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்கள். மைல் என்ற அளவு மறைந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் மைலேஜ் என்ற சொல்லை அவர்கள் விடவில்லை. சுரங்கப் பாதையில் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சாப்பிட்டாயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. "எவ்ளோ குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். பாவாயியைப் பெண் பார்க்க வந்த சென்னியப்பன் அவளிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"உங்க லாரி எவ்ளோ குடுக்குதுங்க?"

"மூணேகால்."

"ஓ. கலவையா?" என்று அவன் கேட்ட தொனியில், காய்ச்சல்காரரை விசாரிக்கும் பரிவு இருந்தது.

"பொண்ணு புடிச்சிருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க மொதல்ல," என்றாள் பாவாயி. அவனுக்குப் பிடித்துவிட்டது, கல்யாணமும் ஆயிற்று.

அவன் குடும்பம் 'தனி' செய்கிற குடும்பம். செவ்வாயின் மெல்லிய காற்றிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்தும் சுத்தமான பெட்ரோலை வடிக்கும் ஆலை அவர்களுடையது. பாவாயியின் அய்யன் ராக்கியண்ணன் கண்ணாடித் தோட்டத்தில் மரவள்ளி எனப்படும் குச்சிக்கிழங்கு போட்டு, அதைப் புளிக்க வைத்து எரிசாராயம் காய்ச்சுகிறவர். அந்தச் சாராயத்தைப் பெட்ரோலோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் 'கலவை'. தனி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தது. கலவை மூன்றேகால். ஆனால் கலவைக்கு விலை கம்மி. விலையும் கம்மி, மைலேஜும் கம்மி என்றால், கம்மியில் எது கம்மி? இந்தக் கேள்வியில் செங்குழி பத்தொன்பது ஆண்டுகளாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. பந்தியில்கூடத் தனிக்காரர்கள் ஒரு வரிசை, கலவைக்காரர்கள் ஒரு வரிசை.

கடைசியில் ஊர்த்தலைவி நாச்சம்மாளுக்கே அலுத்துவிட்டது. "ரெண்டு லாரி. ஒரே சுமை. ஆளுக்கு நூறு லிட்டர் ஊத்திக்கிட்டு மேக்கால ஓட்டுங்க. எங்க நிக்குதோ அங்க தெரிஞ்சு போகும்," என்று சபையில் அறிவித்தாள். "கலவை தோத்துச்சுன்னா தோட்டத்துக்கு விடற தண்ணிய நிறுத்திருவோம். ராக்கியண்ணா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. வடமொனைல எடம் இருக்குது."

வடமுனை பதினொரு நாள் பயணம். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. வர வண்டி கிடைத்ததில்லை என்பதே சரி. ராக்கியண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போய்க் கிழங்குச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த பாவாயி, கலவை லாரியை நானே ஓட்டுகிறேன் என்று பெயர் கொடுத்தாள். தனி லாரிக்குச் சென்னியப்பன் பெயர் கொடுத்தான். அன்று வீட்டில் சமையல் இரண்டு அடுப்பில் நடந்தது.

சோதனை நாளன்று காலையில் இரண்டு லாரிகளும் ஆளுக்கொரு குடத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஓர் அளவன் ஏறிக்கொண்டது. அளவன் என்பது முழங்கால் உயர எந்திரம். பார்க்கும் எதையும் எண்ணாமல் இருக்க அதற்குத் தெரியாது.

நூறாவது கிலோமீட்டரில் வானொலி கரகரத்தது.

"அம்மிணி, உன்ற முள்ளு எங்க நிக்குது?"

"நீங்க பாதையப் பாத்து ஓட்டுங்க மாமா."

"கேட்டாத் தப்பா? என்ற முள்ளு அசையவே மாட்டேங்குது. ஒருவேள கெட்டுப்போச்சோ என்னமோ."

பாவாயி பல்லைக் கடித்தாள். அவளுடைய முள் அசைந்துகொண்டுதான் இருந்தது. நூறு லிட்டருக்கு அவளால் முந்நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர் போக முடியும், அவனால் நானூறு. இதற்கு ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், மனக்கணக்கு போதும். ஆனாலும் மேட்டில் மிதமாக ஏற்றி, இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் கெஞ்சி ஓட்டினாள். அய்யன் இலை துடைத்த கை கண்ணுக்குள்ளேயே இருந்தது.

இருநூற்று எண்பதாவது கிலோமீட்டர் நெருங்கும்போது முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. சென்னியப்பனுடையது.

"என்ன மாமா, பொண்டாட்டிக்காக நிறுத்துனீங்களா?"

"நிறுத்துல. நின்னுபோச்சு."

"தனி ஊத்துன வண்டிகூட நிக்குங்களா? உங்க வீட்ல அப்பிடிச் சொல்ல மாட்டாங்களே."

அவள் ஒலிப்பானை மூன்று முறை அழுத்தினாள். அந்த மெல்லிய காற்றில் அது கொசு அழுவதைப் போலத்தான் கேட்டது. அவனைத் தாண்டி, மனம் நிறைந்து, அரைக் கிலோமீட்டர் போயிருப்பாள். எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு அமைதியாகிவிட்டது.

வானொலி மறுபடி கரகரத்தது. "மாமனுக்காக நிறுத்திட்டியா அம்மிணி?" என்று குரல் வந்தது.

கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் நடந்து வந்து, அவளுடைய லாரியின் ஓட்டுநர் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தான். மூச்சுக்கு வேறு குடம் இருந்ததால் உயிருக்குப் பயமில்லை. மீட்பு ஊர்தி வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். பாவாயி தூக்குப்போசியைத் திறந்தாள். வேகவைத்த குச்சிக்கிழங்கும் மிளகாய்த் தொக்கும் இருந்தன. சென்னியப்பன் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இத இப்பிடித் திங்கறத உட்டுப்போட்டு உங்கய்யன் எதுக்கு எரிக்கறாரு?" என்றான்.

"பெட்ரோல உங்களாலயுந்தான் திங்க முடியல. அதுக்கு நாங்க என்ன சொன்னோம்?"

சாப்பிட்டபின் இருவரும் எஞ்சினைப் பார்த்தார்கள். அவளுடைய டேங்கில் பதினைந்து லிட்டர் இருந்தது. அவனுடையதில் முப்பது. தீப்பொறி சரியாக இருந்தது, குழாயில் அடைப்பில்லை. என்ன செய்தும் வண்டி அசையவில்லை. கடைசியில் பாவாயி வேறு வழியில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அளவனைக் கேட்டாள்.

"வண்டி ஏன் நின்னுச்சு?"

"காற்று தீர்ந்தது," என்றது அளவன். அது எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசும்.

"ரெண்டு வண்டிலயுமா?"

"ஆம். ஒரு குடம் காற்றுக்குத் தனியும் கலவையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் ஓடும். தனி லிட்டருக்கு அதிகத் தூரம் கொடுக்கிறது. ஆனால் லிட்டருக்கு அதிகக் காற்றையும் குடிக்கிறது. சாராயம் தனக்குள்ளேயே கொஞ்சம் உயிர்வளியை வைத்திருப்பதால் குறைவாகக் குடிக்கிறது. கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒன்றே."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரிகள் அன்றாடம் பனிக்கட்டி அள்ளப் போகும் பனிக்குழிக்குப் போய்வர நூற்றிருபது கிலோமீட்டர்; தினமும் புதுக் குடம். ஒரு குடத்தைக் கடைசிவரை ஓட்டியவர் செங்குழியில் அன்றுவரை ஒருவரும் இல்லை.

"செலவு எதுக்கு ஜாஸ்தி?" என்றான் சென்னியப்பன்.

"ஊரின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றுச் சாவடிக்குப் போகிறது. தனிக்கும் கலவைக்கும் சேர்த்து ஆவது அதில் கால் பங்குகூட இல்லை. பாதி தீர்ந்த குடங்களைத் தூக்கிப் போடுவதை நிறுத்தினாலே, மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரே எரிபொருள் ஆலை ஊருக்குப் போதும். பெட்ரோல் ஆலை, சாராய ஆலை இரண்டில் ஒன்றை மூடிவிடலாம்."

"இத்தன வருசமா இத ஏன் சொல்லுல?"

"பத்தொன்பது ஆண்டுகளாக நாள்தோறும் அறிக்கையின் நான்காம் பத்தியில் எழுதிவருகிறேன். அது இலவசப் பொருள்களுக்கான பத்தி. அதைச் சபையில் வாசிக்க வேண்டாம் என்பது கட்டளை."

மறுநாள் சபை கூடியது. கேட்கவா வேண்டும்? அரைக் கிலோமீட்டர் முன்னால் போனது கலவை என்று ஒரு கூட்டம். டேங்கில் முப்பது லிட்டர் மிச்சம் வைத்தது தனி என்று இன்னொரு கூட்டம். நாச்சம்மாள் மேசையைத் தட்டி அடக்கிவிட்டு அளவனைப் பேசச் சொன்னாள். அது நான்காம் பத்தியை முதன்முதலாக வாய்விட்டுப் படித்தது.

"அப்பிடீன்னா நாம காத்துக்குத்தான் கணக்குப் பாக்கோணும் போல," என்றாள் நாச்சம்மாள், யோசனையாக. "ஒரு பேச்சுக்குச் சொல்றேன். குடத்துக்கு ஒரு சின்ன வெல வெச்சா..."

அவ்வளவுதான். இரண்டு வரிசையும் ஒரே ஆளைப் போல எழுந்தன.

"காத்துக்கு வெலையா? பூமில எவனாச்சும் காத்துக்குக் காசு குடுத்தானா?" என்றார் ராக்கியண்ணன்.

"நல்லாக் கேளுங்க மாமா," என்றான் சென்னியப்பன். அவன் மாமனாரின் பேச்சை ஆமோதித்தது அதுவே முதல் தடவை. "சும்மா கெடைக்கறதுக்குக் கணக்கு எதுக்குங்க? நம்ம சண்ட பெட்ரோலப் பத்தி. அதுக்கு முடிவு சொல்லுங்க."

"ஆமா, பேச்ச மாத்தாதீங்க," என்றது பின்வரிசை.

நாச்சம்மாள் வந்த வேகத்தில் பின்வாங்கினாள். அடுத்த ஆண்டு புழுதி அடங்கியதும் லாரிக்கு இரண்டு குடம் மாட்டி, சோதனையை முறையாக மறுபடி நடத்தலாம். அதுவரை இருப்பது இருந்தபடி இருக்கட்டும். கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் தொடரும். படித்தால் குழப்பம் வருவதால் நான்காம் பத்தியை எடுத்துவிடலாம். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.

பாவாயிக்கு எல்லாம் விளங்கியிருந்தது. காற்றைக் கணக்கிட்டால் இரண்டு ஆலைகளில் ஒன்று போதும் என்று அளவன் சொன்னது காதில் அப்படியே இருந்தது. மூடப்படுவது எதுவாக இருக்கும், வடமுனைக்கு யார் மூட்டை கட்டுவார் என்பதும் தெரிந்தது. எதிர்வரிசையில் அய்யன் மருமகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் முதலில் உயர்ந்த கை அவளுடையது.

அளவன் கைகளை எண்ணியது. "எதிர்ப்பு இல்லை," என்று அறிவித்துவிட்டு, நான்காம் பத்தியை அந்த நிமிடமே அழித்தது. பிறகு பணிவாகக் கேட்டது: "கூட்டம் நடந்த இரண்டு மணி நேரமும் வெளியே நாற்பது லாரிகள் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கின்றன. அதைக் குறிப்பில் சேர்ப்பதா, வேண்டாமா?"

"எதுக்குச் சேக்கோணும்? காத்துதான போகுது?" என்றாள் நாச்சம்மாள்.

"பெட்ரோலும் கொஞ்சம் போகிறது."

மறுகணம், தனி கலவை என்ற பேதமில்லாமல் செங்குழி முழுவதும் கவசங்களை அள்ளிக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, வாசலை நோக்கி ஓடியது.