நூற்று இருபது கிராம்

ஒரு வருடம் வகுப்பு நடக்காமல் கிடந்த ஆய்வகத்தை ஐப்பசி மழையில், மதியம் ஒரு மணிக்கு நான்தான் திறந்தேன். கடலூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல யாரையோ திட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். இராமதாஸ் என்றால் எரிந்து விழுகிறவன் என்று கல்லூரிக்கே தெரியும். கெமிக்கல் இன்ஜினியரிங் லேபில் முப்பது வருடமாக டெக்னீஷியன். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம்.

சுவருக்குப் புதுப் பெயிண்ட், மேசைமேல் புதுக் கருவி. ஆனாலும் உள்ளே தீக்காயத்துக்குப் போடும் களிம்பின் வாடை அடித்தது.

பெயிண்ட் வாடைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மாணவர்கள் வருவதற்குள் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மெத்தனாலும் தண்ணீரும் கலந்து இரண்டாயிரம் கிராம் ஊற்றிச் சூடாக்கினால், ஆவி மேலே போய்க் குளிர்ந்து ஒரு குடுவையில் சொட்டும்; மிச்சம் அடியில் நிற்கும். இரண்டையும் எடை போட்டுக் கூட்டினால் அதே இரண்டாயிரம் வர வேண்டும். உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும், பாடம் அவ்வளவுதான்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. கொதிக்கக் கொதிக்க இருக்கும் மிச்சத்தை இறக்கி எடை போட யாருக்குப் பொறுமை? "சொட்டினத மட்டும் எடை போடு. ரெண்டாயிரத்துல கழி. வர்றத மிச்சம்னு எழுதிக்க" என்பேன். கழித்து எழுதினால் கணக்கு ஒருநாளும் பிசகாது. கருவி எங்கே கசிந்தாலும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் கண்டுபிடித்த வழி அது.

சங்கவி மட்டும் மிச்சத்தையும் எடை போட்டாள். வீராம்பட்டினத்துப் பெண், மூன்றாம் ஆண்டு.

"சார், நூத்தியிருவது கிராம் குறையுது."

"கழிச்சு எழுதும்மா. எல்லாரும் அப்படித்தான எழுதறாங்க?"

"எங்கம்மா மீன் விக்கிறவங்க சார். எடை போடாம எடை சொன்னா தராசாலயே அடிப்பாங்க" என்று சிரித்தாள்.

மூன்று வாரம், மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் எரிந்து விழுந்தேன். நான்காவது வாரம் மதிய இடைவேளையில், பிழை தன்னுடையதா கருவியுடையதா என்று பார்க்கத் தனியாகவே ஓட்டியிருக்கிறாள். குழாய் இணைப்பில் கசிந்த ஆவி ஹீட்டரில் பட்டுப் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அனுமதியில்லாமல் செய்தாள், மாணவியின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பாவி நான்.

அவளுடைய அம்மா பூவாயி மாதாமாதம் கல்லூரி கேட்டுக்கு வருவார். "தானா கொளுத்திக்கிட்டான்னு ஊரு பேசுது சார். எவனோடயோ சேத்து வெச்சிப் பேசுது. எம்பொண்ணு மேல தப்பு இல்லன்னு ஒரு காயிதம் குடுங்க. பஞ்சாயத்துல படிச்சிக் காட்டுனா போதும்" என்பார். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்.

மூன்று மணிக்குக் கருவியை நிறுத்தினேன். அன்றைக்கு மிச்சத்தையும் இறக்கி எடை போட்டேன். பட்ட பிறகு வந்த புத்தி. கூட்டினேன்.

இரண்டாயிரத்து நூற்று இருபது.

குறைந்தால் கசிவு என்று சொல்லலாம். கூடினால் என்னவென்று சொல்வது? தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்தேன். கருவியைக் கழுவித் துடைத்து, புதிதாகக் கலந்து ஊற்றி, மறுபடி ஓட்டினேன். வெளியே மழை வலுத்தது. களிம்பு வாடை மூக்கை அடைத்தது.

இரண்டாயிரத்து நூற்று இருபது.

சனியனே என்று முனகிக்கொண்டு, பழைய புத்தியில் பேனாவை எடுத்தேன். கழித்து எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம்.

காதருகில் சூடாக ஒரு மூச்சு.

"எடை போட்டதயே எழுதுங்க சார்."

திரும்பினேன்.

யாருமில்லை.

ஐயோ, அந்தக் குரலில் கோபமே இல்லை! பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். பிறகு ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். கசிவை, கழித்து எழுதச் சொன்னதை, அவள் வந்து சொன்னதை. கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பென்ஷன் போனால் போகட்டும்.

மறுநாள் காலை வீராம்பட்டினம் போனேன். பூவாயி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எதிரில் உட்கார வைத்து, உறையைக் கிழித்து நானே படித்தேன். நடுவில் ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

எங்கள் லேபில் பிழையை அழிக்கக் கூடாது. ஒரே கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். "மூன்று முறை சொன்னாள்" என்று நான் எழுதியிருந்ததில், மூன்றின் மேல் ஒரு கோடு ஓடியிருந்தது. மேலே 'நான்கு'. பக்கத்தில் சங்கவியின் கையெழுத்து.

"என்னா சார், நிறுத்திட்டீங்க?"

"நாலு வாட்டி சொன்னாம்மா."

"நாலாவது வாட்டி என்னா சொன்னா எம்பொண்ணு?"

அதை எவரிடமும் நான் சொன்னதில்லை. விசாரணையில் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"அன்னிக்கு மதியம் போன் பண்ணா. 'வாட அதிகமா வருது, பயமா இருக்கு, ஒரு வாட்டி வந்து பாருங்க சார்'னா. சோறு திங்க வுடமாட்டியான்னு கத்திட்டு வெச்சிட்டேன்."

பூவாயி என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி, மகளின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கையெழுத்தைக் காட்டினேன். விரலால் மெல்லத் தடவினார். விரலை எடுத்தபோது நுனியில் மை ஈரமாக ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்காமல் முந்தானைக்குள் பொத்திக்கொண்டார்.