இன்மைகாணி

காலை ஒன்பது மணிக்கு நிறைமதி பின்லாந்தை நீக்கினாள். பத்தே நிமிடத்தில் கல்மூச்சு நோய்க்கான மருந்து உலகத்திலேயே இல்லாமல் போயிற்று.

"பார்த்தீர்களா!" பின்லாந்துப் பிரதிநிதி எழுந்தே நின்றுவிட்டார். "நாங்கள் இல்லையென்றால் மருந்தே இல்லை. நூற்றுக்கு நூறு!"

உடன்மொழிக் கருவி அதை எல்லோர் காதிலும் அவரவர் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கைபேசியோடு வெளியே போய்விட்டார், ஊருக்குச் சேதி சொல்ல.

பத்தொன்பது நாடுகள் சேர்ந்து கண்டுபிடித்த மருந்து அது. வறண்ட புழுதிக் காற்றோடு வரும் ஒரு பூஞ்சை நுரையீரலைக் கல்லாக இறுக்கிவிடும். அந்த இறுக்கத்தைக் கரைப்பது இம்மருந்து. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க முடியாது. அவர்களுக்கான மருந்துக்கு மறுபடியும் பத்தொன்பது நாடுகளும் கையெழுத்திட வேண்டும். அங்கேதான் சிக்கல். முதல் மருந்தைக் கண்டுபிடித்த பெயரில் யாருக்கு எத்தனை பங்கு என்று தெரியாமல் கையெழுத்தில்லை என்றார்கள். அதற்காகப் புதுச்சேரியில் கடலைப் பார்த்த கட்டடம் ஒன்றில் பங்கீட்டுக் குழு என்று ஒன்று உட்கார்ந்து பதினோரு மாதமாகிறது.

சண்டையைத் தீர்க்க வந்த கருவிதான் இன்மைகாணி. முப்பது வருட ஆய்வுக் குறிப்புகள், கடிதங்கள், ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குப் போன புட்டிகளின் பதிவுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒருவரை நீக்கச் சொன்னால், அவர் இல்லாமலே அந்த முப்பது வருடத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டும். அதை இயக்குவது நிறைமதியின் வேலை. அந்த வேலையை அவள் கேட்டு வாங்கினாள். மூன்று வருடத்துக்கு முன்னால், நான்கு வயதில், அவளுடைய மகள் துளிருக்குக் கல்மூச்சு வந்தது. மருந்து வெளிவந்து அப்போது ஐந்தாவது வாரம். ஒரே ஊசியில் குழந்தை மூச்சு விட்டுச் சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

மதியத்துக்குள் வியட்நாமை நீக்கினாள். மருந்து இல்லை. சிலியை நீக்கினாள். இல்லை. இந்தியாவையும் நீக்கினாள், அப்போதும் இல்லை. சாயங்காலம் பத்தொன்பது நாடுகளுக்கும் தலைக்கு நூறு சதவீதம் என்று திரையில் நின்றது.

"பத்தொன்பது நூறு எப்படி அம்மா ஒரு நூறாகும்?" என்றார் குழுத் தலைவர். சிலி நாட்டு மருத்துவர், ஓர்த்தேகா என்று பெயர். அறுபதைத் தாண்டிய பெண்மணி.

"ஆகாது டாக்டர். ஒருத்தரை எடுத்தாலும் மொத்தமும் விழுந்துடுது."

"அப்படியானால் நாடு வேண்டாம். ஆள் ஆளாக எடுத்துப் பார்."

நாலாயிரத்துச் சொச்சம் பேர். இரண்டு நாள் ஓடியது. சிலரை எடுத்தால் மருந்தே இல்லை. சிலரை எடுத்தால் தாமதம். மூன்றாம் நாள் காலை, ஆட்ஜுவா மென்சா என்ற பெயரில் நிறைமதியின் விரல் நின்றுவிட்டது. கானா நாட்டுப் பெண். இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியது ஒன்பதே வரி: இந்த உப்பைக் கொண்டு பூஞ்சையின் இறுக்கத்தைக் கரைக்கப் பார்த்தேன், நான்கு வருட முயற்சி, முடியவில்லை. அவ்வளவுதான். அந்த ஒன்பது வரி இல்லாத உலகத்தில் மூன்று நாட்டுக் கூடங்கள் அதே உப்பைக் கட்டிக்கொண்டு அழுதன. மருந்து ஆறு வருடம் பிந்தி வந்தது.

ஆறு வருடம். நிறைமதி கணக்குப் போடவில்லை, போட வேண்டியிருக்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"நான் இப்போது ஆராய்ச்சியில் இல்லை," என்றது உடன்மொழி வழியாக வந்த குரல். "பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். யாரைத் தேடுகிறீர்கள்?"

"உங்களைத்தாங்க. நீங்க எழுதின அந்த ஒன்பது வரி..."

"அதுவா? அது தோற்றுப்போன வேலை. யாரும் படித்திருக்க மாட்டார்கள்."

"படிச்சிருக்காங்க. அதனாலதான் எம் பொண்ணு இன்னிக்கி ரெண்டாம் வகுப்பு போறா."

அந்தப் பக்கம் ஆட்ஜுவா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "குழந்தை பெயர் என்ன?"

"துளிர்."

"துளிர்," என்று அந்தம்மா உடன்மொழியை விட்டுவிட்டுத் தன் வாயாலேயே சொல்லிப் பார்த்தார். "நன்றியை எனக்கு மட்டும் சொல்லாதீர்கள். அப்போது என்னிடம் நுண்ணோக்கி கிடையாது. இத்தாலியில் முன்பின் தெரியாத ஒருவர் தன்னுடையதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். அவருக்கும் சொல்லுங்கள்."

நிறைமதி சொன்னாள். அந்த இத்தாலிக்காரரோ வேறொருவரைக் கைகாட்டினார்.

நான்காம் நாள் குழு மறுபடி கூடியது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். ஒரு பெயரைக்கூடச் சும்மா எடுத்துவிட முடியவில்லை. கடைசியில் ஓர்த்தேகா கேட்டார்:

"மாற்றிக் கேட்போம். யாரை நீக்கினால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை? நேற்று வரைக்குமான எல்லாப் பதிவையும் உள்ளே போடு."

இம்முறை கருவி நெடுநேரம் ஓடியது. பிறகு திரையில் ஐந்து வரிகள் வந்தன. நிறைமதி முதலில் தானே படித்தாள். வாய்விட்டுப் படிக்கத் தயங்கினாள்.

"படி அம்மா."

"நீக்கத்தக்கவை: பங்கீட்டுக் குழு, உறுப்பினர் பத்தொன்பது பேர். கருவி இயக்குநர் ஒருவர். இன்மைகாணி. இவை இல்லாதிருந்தால் குழந்தைகளுக்கான மருந்து பதினோரு மாதம் முன்னதாக வந்திருக்கும்." அவள் குரல் இறங்கியது. "உயிரோடு இருந்திருக்கக்கூடிய குழந்தைகள், முந்நூற்றுப் பன்னிரண்டு."

கடல் இரைவது அறைக்குள் கேட்டது. பின்லாந்துக்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். ஓர்த்தேகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்து, எந்த நாட்டுப் பெயர் முதலில் வருகிறது என்று பார்க்காமலே கையெழுத்திட்டு அடுத்தவரிடம் தள்ளினார். தாள் மேசையைச் சுற்றி வந்து சேர ஆறு நிமிடம் ஆனது.

எல்லோரும் போன பிறகு ஓர்த்தேகா வாசலில் நின்றார். "உன் வேலையும் போய்விட்டதே, நிறைமதி."

"போகட்டும் டாக்டர். உண்மையச் சொல்லிட்டுத்தானே போகுது."

அவள் திரும்பிப் போய்க் கருவியின் மீது கைவைத்தாள். நான்கு நாள் ஓடியதில் சூடாயிருந்தது. இந்த நான்கு நாளில் எத்தனையோ பேருக்குச் சொன்னதை அதற்கும் ஒருமுறை சொன்னாள். பிறகு அணைத்தாள்.