மரகதத்துக்கு ஒரு பாவாடை

பிரம்புப் பெட்டியைத் திறந்து பாவாடையை உதறியபோது அதன் ஓரம் ஈரமாக இருந்தது.

வேலம்மா முதலில் மழையைத்தான் நினைத்தாள். ரங்கூன் மழை எங்கேதான் நுழையாது. ஐப்பசி பிறந்தும் விடாமல் ரயில்வே லைன் வீடுகளின் தகரக் கூரையில் தட்டிக்கொண்டிருந்த மழை, அரிசிப் பானைக்குள் பூஞ்சணத்தையும் தலையணைக்குள் புழுங்கல் நாற்றத்தையும் சுவரில் மாட்டிய முருகன் படத்தின் கண்ணாடிக்குள் பாசியையும் கொண்டுவந்து வைத்திருந்தது. ஆனால் பெட்டிக்குள் வேறெதுவும் நனையவில்லை. போன வருஷம் போட்ட வேப்பிலை சருகாக நொறுங்கியது. பாவாடையின் ஓரம் மட்டும், சற்று முன் யாரோ குட்டையில் இறங்கி நடந்துவிட்டு வந்ததுபோல, விரற்கடை அகலத்துக்குச் சேறு பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டையை எடுத்து முகர்ந்தாள். அக்குளில் வியர்வை. ஓடி விளையாடிய பிள்ளையின் வியர்வை. கழுத்துப் பட்டியில் தனக்கா வாசனை, பர்மாக்காரப் பெண்கள் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் அந்த மரப்பட்டையின் வாசனை.

"செல்லக்கண்ணு, இங்க வா."

மகள் வந்து கதவோரம் நின்றாள். பாவாடையைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினாள்.

"பெட்டியைத் தொறந்தியா?"

"இல்லம்மா."

"போட்டுக்கிட்டு வெளியே போனியா?"

"நான் போடல. எனக்கு அது பெருசு."

"உன் அளவுக்குத் தச்சது உனக்கே பெருசா?" அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே இரண்டு வைத்தாள் வேலம்மா. பொய்க்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று. பிறகு சட்டையைப் பிள்ளையின் தலைவழியே இழுத்து மாட்டினாள். சட்டை ஒரு தோளிலிருந்து வழுக்கி இறங்கியது. பாவாடை தரையில் புரண்டது.

முன்கட்டில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த கனகாம்பாள் தலையைத் தூக்கவில்லை. "பிள்ளைய எதுக்கு அடிக்கிற வேலம்மா. போட்டுக்கிட்டவ போட்டுக்கிட்டா." டக். பாக்குவெட்டி மூடியது.

கனகாம்பாள் வேலம்மாவின் நாத்தனார். புருஷனை இழந்து தம்பி தங்கவேலுவின் வீட்டோடு இருப்பவள். பெட்டி அவளுடைய மகள் மரகதத்தின் பெட்டி. மரகதம் சிறுபிள்ளையாகப் பசுண்டாங் ஓடையில் முழுகிச் செத்தாள். வேலம்மா தாலி கட்டிக்கொண்டு கப்பலேறி வருவதற்கு முன்பே நடந்தது அது. கன்னியாகப் போன பிள்ளை வீட்டுக்குத் தெய்வம். வருஷா வருஷம் ஐப்பசியில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை தைத்துப் பெட்டியில் வைப்பார்கள். முந்தின வருஷத்துத் துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தி, பூவும் மையும் வைத்து, அன்று பொழுது சாயும்வரை அவளை மரகதம் என்றே அழைப்பார்கள். அவள் லைன் வீடுகளின் வாசல்தோறும் போய் "மரகதம் வந்திருக்கேன்" என்பாள். மடியில் பொரி விழும், கடலை மிட்டாய் விழும். லைன் பிள்ளைகள் எல்லாம் கூச்சலோடு பின்னால் ஓடும்.

துணியைப் பத்திரமாக வைப்பது மருமகளின் வேலை. எலி தொடக் கூடாது. கரையான் ஏறக் கூடாது. உடுத்திய பிள்ளை விளக்குப் பக்கம் போகக் கூடாது. வெளி வீட்டுப் பிள்ளை ஒரு நொடிகூட உடுத்திப் பார்க்கக் கூடாது. செல்லக்கண்ணு உடுத்துகிற வயது வந்து, போன வருஷம்தான் முதன்முதலாக மரகதமாகிப் போனாள். அந்தத் தடவைதான் அவளை நிற்கவைத்து அளவெடுத்து, இந்தத் துணியைத் தைத்துப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் தையற்காரர் பீர் முகைதீன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவர் நாடா வைத்து அளப்பவரல்ல. நூல்தான். தோளில் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. போன வருஷத்து நூல் பாவாடையோடு சுருட்டி வைத்திருந்தது.

"வாங்க ராணியம்மா. வருஷத்துக்கு ஒருக்காதான் நம்மள நினைப்பு வரும் உங்களுக்கு" என்று செல்லக்கண்ணுவை முன்னால் நிறுத்தி, பழைய நூலைத் தோளில் வைத்துத் தொங்கவிட்டார். முடிச்சு தரையைத் தொட்டது. தொட்டு, மேலும் கொஞ்சம் நூல் தரையில் சுருண்டது.

அவர் பிள்ளையை நிமிரச் சொன்னார். மறுபடி தொங்கவிட்டார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"நூல் ஊறி நீண்டிருக்கும் பாய்" என்றாள் வேலம்மா.

"நூல் ஊறினா சுருங்கும் தாயி. முடிச்சு நான் போட்டதுதான், என் கை எனக்குத் தெரியாதா." குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்க மேல போகும். இல்லாட்டி நின்னுக்கும். கீழ வந்து நான் பார்த்ததில்ல." அளவெடுக்காமலே குடையை விரித்தார். அளவு எடுத்து அனுப்புங்கள், தைத்துத் தருகிறேன் என்று மழைக்குள் இறங்கிப் போனார்.

அதன்பிறகு வேலம்மாவின் கண்ணுக்கு எல்லாம் படத் தொடங்கியது. தண்டவாளத்தில் வண்டி போகும்போது சட்டங்கள் கிடுகிடுக்க, தூங்கும் மகளின் கையிலிருந்து வளையல் தானாகக் கழன்று பாயில் உருண்டது. தலைவாசலில் கரிக்கோடு போட்டு உயரம் குறித்திருந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தினாள். கோடு உச்சந்தலைக்கு மேலே, வெறும் மரத்தில் நின்றது. ரயில் என்று திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஜன்னலோரம் நின்று "யயிலு, யயிலு" என்றாள். சோறு ஊட்டும்போது விரலில் ஏதோ பட்டது. வேலம்மா மகளின் வாயைத் திறந்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் முளைத்து அகலமாக நின்ற வாய் அது. இப்போது அங்கே சின்னதாக, வெள்ளையாக, அரிசி மணி மாதிரி இரண்டு.

பால்பல்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மதினி, இந்த வருஷம் வேண்டாம்" என்று அன்று சாயங்காலமே கனகாம்பாளிடம் போய் நின்றாள். புருஷன் மாந்தலை ரயிலில் வேலையாய்ப் போயிருந்தான். இருந்திருந்தாலும் அக்காள் சொல்லைத் தாண்டுகிறவன் அல்லன். "துணி வேண்டாம், பெட்டி வேண்டாம். ஆத்துல விட்டுடலாம். என் பிள்ளை கரைஞ்சு போறா."

கனகாம்பாள் வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். "என் பிள்ளைய ஓடையிலேருந்து தூக்கினப்ப அவ முழங்கை என் கைக்குள்ள அடங்கிச்சு. இப்ப போன மாசம் வந்து என் பக்கத்துல படுத்தா. கால் என் கால் வரைக்கும் வருது." வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். "நீ புதுசு தைக்காம விட்டா அவ அம்மணமா வருவா வேலம்மா. அப்ப என்ன எடுப்பான்னு எனக்குத் தெரியாது."

மழை ஓய்ந்திருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். அதற்கு நடுவே, பின்கட்டில், ஈரக்கால் வைத்து யாரோ நடப்பதுபோல ஒரு சத்தம். செல்லக்கண்ணு வேலம்மாவின் மடியில்தான் இருந்தாள்.

அன்றுதான் அந்த எண்ணம் வந்தது. அளவு செல்லக்கண்ணுவுடையது என்பதால்தானே செல்லக்கண்ணுவிடமிருந்து போகிறது. அளவை மாற்றிவிட்டால்?

லைனுக்குத் தண்ணீர் தூக்கும் ஜெயம்மா தெலுங்குக் கூலி ஒருவனின் மகள். தாயில்லை. அப்பன் போட்டாதாங் துறையில் மூட்டை தூக்குகிறான், மிச்ச நேரம் கள்ளில் கிடக்கிறான். செல்லக்கண்ணுவைவிட ஆளில் பெரியவள்; குடம் சுமந்து சுமந்து தோள் உருண்டு, எண்ணெய் தடவாமலே பளபளக்கும் கைகள். அந்தக் கைகளை வேலம்மா கிணற்றடியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். இந்தப் பிள்ளை கொஞ்சம் இளைத்தால் யார் கேட்கப்போகிறார்கள். கேட்க யார் இருக்கிறார்கள்.

"ஜெயம்மா, உள்ளே வா. வெல்லம் தரேன்."

நூலைத் தோளில் வைத்தபோது அந்தப் பிள்ளை கூசிச் சிரித்தது. "எனக்கா அக்கா பாவாடை?"

"உனக்குத்தான்."

"சிவப்புல வை அக்கா. சிவப்புன்னா எனக்கு உசிரு."

"சிவப்புலயே வைக்கிறேன். அசையாம நில்லு." நீளத்துக்கு ஒரு முடிச்சு. இடுப்புக்கு ஒன்று.

பீர் முகைதீன் நூலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். சிவப்புத் துணி தைத்து வந்தது.

படையல் நாளன்று வானம் வெளுத்துவிட்டது. பர்மாக்காரர் வீடுகளில் விளக்குத் திருவிழாவுக்கு மெழுகுவத்திகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வேலம்மா பழைய பச்சைப் பாவாடையைச் செல்லக்கண்ணுவுக்கு உடுத்தி, நழுவாமல் இடுப்பில் கயிறு கட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டாள். பூ வைத்தாள். மை வைத்தாள். இதுதான் கடைசி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளை வாசல் தாண்டி, கூச்சல் போடும் பிள்ளைகளுக்கு நடுவே மறைந்தது.

கனகாம்பாள் புதுப் பாவாடையை மடிப்புப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அந்தச் சிவப்பு அவள் மார்பிலிருந்து கணுக்கால் பக்கம்வரை இறங்கியது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, வேலம்மா அந்த வீட்டுக்கு வந்து ஒருநாளும் பார்க்காதபடி, பல் தெரியச் சிரித்தாள்.

"இவ்வளவு பெருசா நீ வைப்பேன்னு நான் நினைக்கல. யார் அளவு இது? தண்ணிக்காரப் பிள்ளையா?"

வேலம்மா வாசல் பக்கம் திரும்பினாள்.

"என் பொண்ணு வெளி வீட்டுல கை நீட்டி வளந்தவ இல்ல வேலம்மா. அவளுக்கு வேணுங்கறத நம்ம வீட்டுலதான் எடுப்பா." பாவாடையைப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் தட்டினாள். "இம்மாம் பெரிய துணிக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவும்."

வேலம்மா ஓடினாள்.

முதல் வீட்டில், இப்பத்தான் வந்து வாங்கிட்டுப் போனா என்றார்கள். அடுத்த வீட்டில், மடி தாங்காம பொரி போட்டோம் என்றார்கள். கடைசி வீட்டில் நூருன்னிசா வாசல் விளக்கை ஏற்றிக்கொண்டே, "உங்க மரகதம் என்ன வளத்தி வளந்துட்டா. நிலைப்படியில தலை இடிச்சுக்கப் பார்த்தா" என்றாள். "சிவப்பு நல்லா எடுக்குது அவளுக்கு."

சிவப்பு.

செல்லக்கண்ணு உடுத்திப் போனது பச்சை.

கிணற்றடியில் ஜெயம்மா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதே உருண்ட தோள். அதே பளபளக்கும் கை. "அக்கா, என் பாவாடை தச்சாச்சா?" என்றாள்.

வேலம்மா திரும்பி ஓடினாள். பிள்ளைகளின் கூச்சல் நின்றிருந்தது. எப்போது நின்றது? தெரியவில்லை. வாசலில் ஈரக் கால்தடம். பெரியது. பெரியது. நடுவே சின்னத் தடம் ஒன்றுகூட இல்லை.

உள்ளே தனக்கா வாசனை.

கனகாம்பாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் முதுகு காட்டி ஒரு பெண். சிவப்புப் பாவாடை. இடுப்பில் கச்சிதம். தோளில் கச்சிதம். ஓரம் மட்டும் நனைந்து, தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. கனகாம்பாள் அவள் கூந்தலைச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு இழுக்க இழுக்கத் தண்ணீர் வடிந்தது. அந்தப் பெண் மடியிலிருந்த பொரியை அள்ளி அள்ளித் தின்றாள்.

திரும்பினாள்.

செல்லக்கண்ணுவின் கண். செல்லக்கண்ணுவுக்கு வைத்த மை. செல்லக்கண்ணுவின் மேலுதட்டு மச்சம். அகலமான இரண்டு முன்பல்.

"வாங்க அத்தை" என்றாள்.

நாத்தனார் மகள் அழைக்கிற முறை. அந்த வீட்டில் வேலம்மாவை யாரும் அப்படி அழைத்ததில்லை.

பெட்டி மூலையில் இருந்தது. மூடி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே சரசரவென்று ஒரு சத்தம், வேப்பிலைக்குள் எலி புரள்வதுபோல.

"அதைத் தொறக்காத" என்றாள் கனகாம்பாள், சீப்பை நிறுத்தாமல். "காத்துப் படக் கூடாது. அடுத்த ஐப்பசி வரைக்கும் நீதான் பத்திரமா வச்சுக்கணும்."

வேலம்மா பெட்டியருகே விழுந்தாள். பிரம்பு இடுக்கில் கண்ணை வைத்தாள். பச்சைத் துணி. இடுப்புக் கயிறு. துணியின் மடிப்புக்குள் ஏதோ அசைந்தது. இடுக்கில் சுண்டுவிரலை நுழைத்தாள்.

உள்ளேயிருந்து, வேப்பிலைக் காம்பளவே இருந்த ஐந்து விரல்கள் வந்து அந்தச் சுண்டுவிரலைச் சுற்றி இறுகப் பற்றிக்கொண்டன, பிறந்த குழந்தை பற்றுவதுபோல.