பெயர் தெரியாத வண்டி

தினமும் மாலை ஆறு மணிக்கு அப்பா கொட்டகைக்குள் போய், பழைய மோரிஸ் மைனர் காரில் உட்கார்ந்து, ஹாரனை இரண்டு முறை அடிப்பார். சாப்பாடு தயார் என்று அதற்கு அர்த்தம். தங்கை தாரகை எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடி வருவாள். எங்கள் தெருவில் வேறு எந்த வண்டிக்கும் ஹாரன் கிடையாது. ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஓடும் தன்னோடிகளுக்கு அது தேவைப்படவில்லை.

தாரகைக்கு ஆறு வயது. நடுத்தெருவில்தான் பாண்டிக் கட்டம் போடுவாள். தன்னோடிகள் தூரத்திலேயே அவளை அடையாளம் கண்டு, வேகத்தைக் குறைத்து, சாக்பீஸ் கோடு அழியாமல் ஒதுங்கிப் போகும். குழந்தை பிறந்த வாரமே அதன் முகம் வண்டிகளின் பொதுநினைவில் சேர்ந்துவிடும். நடக்கத் தொடங்கியதும் நடையும் சேரும். சில வண்டிகள் அவளைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும். சாலையைப் பார்த்துக் கடக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் சொன்னதில்லை.

மோரிஸுக்கு நூற்றுப் பத்து வயது. அதற்கு யாரையும் தெரியாது. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அதைக் கிளப்ப அனுமதி. சூலூருக்கு அப்பால் மூடிக் கிடக்கும் நூற்பாலை மைதானத்தில், பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு கூடும் நாள் அது. கையோட்டு உரிமம் உள்ளவர் ஆய்வாளர் முன்னால் மூன்று சுற்று பிழையில்லாமல் ஓட்டினால், உரிமம் இன்னும் ஒரு வருடம் நீளும். பிழை நேர்ந்தால் ஸ்டியரிங்கைக் கழற்றிவிடுவார்கள். வண்டி அதன் பிறகு காட்சிப்பொருள். புதிதாக யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லை. போன வருடம் பத்தொன்பது வண்டிகள் வந்தன. இந்த வருடம் பதினொன்று.

கிளம்பும்போதே அம்மா அப்பாவிடம், வலது முழங்கால் இந்த நிலைமையில் இருக்கும்போது இந்த வருடத்தோடு விட்டுவிடலாமே என்று கேட்டாள்.

"இதையும் விட்டுட்டா, அப்புறம் நானும் ஏத்தி எறக்கற மூட்டதான் புள்ள," என்றார் அப்பா.

மோரிஸைச் சுமைவண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்களும் அதிலேயே போனோம். மைதானம் முழுக்க எத்தனால் வாசனை. ஒரு ஓரத்தில் அரிசிம்பருப்புச் சோறு விளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்டின் வைத்திருக்கும் காளியண்ணன் மாமா அப்பாவைப் பார்த்ததும் வம்புக்கு இழுத்தார்.

"ஏனப்பா திருமூர்த்தி, இந்த வருசம் ஓட்டுவியா, இல்ல நாங்க வந்து தள்ளோணுமா?"

"உன்ற ஆஸ்டினத் தள்ளித் தள்ளித்தான என்ற முட்டியே போச்சு."

தாரகை மோரிஸின் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் செம்மஞ்சள் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி திரும்பப் போகிற பக்கத்தில் அது நீளும். அப்பா முதல் சுற்றை மெதுவாக முடித்தார். இரண்டாவது சுற்றில் அவர் முகம் இளகிவிட்டது. அப்படியொரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

கடைசித் திருப்பத்தில் ஹாரனை இரண்டு முறை அடிப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். விலகுங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்று பொருள். அப்பாவும் அடித்தார்.

தாரகை என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் கையை நான் பிடித்திருக்கவில்லை. வண்டிக்கு அருகில் குழந்தையின் கையைப் பிடிக்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினாள். ஓடுதடத்தின் நடுவில் போய், இரண்டு கைகளையும் விரித்து, மோரிஸைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் கத்தியவர்கள் எல்லோரும் வயதானவர்கள்.

அப்பா எழுந்து நின்றே பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். மோரிஸ் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வந்தது. புழுதி அடங்கியபோது தாரகை பம்பருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எஞ்சின் நின்றுபோயிருந்தது.

ஆய்வாளர் ஜெசிந்தா சக்கரத் தடத்தை அளந்தார். எல்லைக்குள் நுழைந்தது குழந்தையின் பிழை, ஓட்டுநர் நிறுத்திவிட்டார், ஆகவே உரிமம் நீளும் என்று அறிவித்தார். யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

தாரகை அழவில்லை. முகப்பு விளக்குகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு என்னையத் தெரியலையா?"

அப்பா காளியண்ணன் மாமாவிடம் ஸ்பானர் கேட்டார். ஆய்வாளர் அருகில் வந்து, நீங்கள் தேறிவிட்டீர்கள், இது தேவையில்லை என்றார்.

"தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டு அப்பா ஸ்டியரிங்கின் நட்டைத் திருகினார். அதற்கு வெகுநேரம் ஆனது. ஸ்டியரிங்கை ஆய்வாளரிடம் நீட்டும்போது அப்பா வண்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

சுமைவண்டி எங்களுக்குக் கதவைத் திறந்து, "தாரகை, ஏறிக்கொள்," என்றது. அவள் பின்வாங்கி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு உன்னை நன்றாகத் தெரியும் சாமி என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"அதுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்," என்றாள் தாரகை.

எவ்வளவு சொல்லியும் அவள் ஏறவில்லை. கடைசியில் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருச்சி சாலையில் நடக்க ஆரம்பித்தார். நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம். மோரிஸைச் சுமந்த வண்டி ஆளில்லாமலே எங்களைக் கடந்து போனது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியும் எங்கள் அருகில் வேகத்தைக் குறைத்தது. கதவைத் திறந்து, தாரகை என்று அன்பாகக் கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிங்காநல்லூரை நெருங்கும்போது அப்பா நொண்டத் தொடங்கியிருந்தார். ஒரு வண்டி நின்று, முழங்கால் வலி அதிகமாக இருப்பது தெரிகிறது, எவ்வளவு தூரமானாலும் கொண்டுபோய் விடுகிறேன் என்றது.

அப்பா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு தாரகையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தார்.