மதிலைப் பார்த்து நிற்பவர்கள்

மலையேறி வந்த லாரி மவ்ரோலிதி ஊரெல்லையில் நின்றபோது, பிற்பகலையே மூடுபனி விழுங்கியிருந்தது. சிற்பி லெஃப்கி, தான் செதுக்கிய கல்மனிதர்களை ஆட்டுக்கிடையின் பழைய மதிலோரம் இறக்கி நிறுத்தச் செய்தாள். போரின்போது ஜெர்மன் சிப்பாய்கள் இந்த ஊர் ஆண்களைச் சுட்டுக் கொன்றது அந்த மதிலடியில்தான். சிலைகள் எல்லாம் மதிலைப் பார்த்தபடி நின்றன.

ஆட்கள் போன பிறகு, காப்பிக்கடை அசிமினா எண்ணெய் விளக்கோடு வந்தாள். அப்பாவைச் சுட்ட அன்று அவள் தாயின் வயிற்றில் இருந்தாள்.

"ஏம்மா, எங்கப்பா மூஞ்சிய ஜென்மத்துல நான் பார்த்ததில்ல. நீயும் முதுகைக் காட்டி நிக்க வச்சிருக்கியே!"

"ஒரு போட்டோகூட மிஞ்சலையேக்கா. வீடெல்லாம் கொளுத்திட்டாங்க. தெரியாத முகத்த எப்படிச் செதுக்குறது? முன்பக்கம் வெறும் கரட்டுக் கல்தான்."

"கெட்டிக்காரிதான் போ. இதுல எங்கப்பா யாரு?"

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவர்."

"அப்போ இந்தக் கூனுமுதுகுக்காரர். மாடா உழைச்சாராம்."

சிலைக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அசிமினா நுழைந்தாள். காற்றே இல்லை, விளக்கு அணைந்தது. தீய்ந்த கம்பளியின் நாற்றம் கிளம்பியது.

பலர் ஒன்றாக எச்சில் விழுங்கும் சத்தம்.

"லெஃப்கி..." இடுக்கிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "கரட்டுக் கல்லுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"கண்ணு இருக்குடி."

லெஃப்கி கையை உள்ளே நீட்டினாள். நெற்றி. புருவம்.

விரல் நுனியில் இமை முடி உரசியது.

இமை மூடிக்கொண்டது.

அசிமினா அவள் விரலைப் பிடித்து அந்த முகத்தின் மோவாய்க் குழியில் வைத்தாள். பிறகு தன் மோவாயில். அதே குழி.

"குளிருதாப்பா?" என்று கேட்டுக் கேட்டு அவள் அழுதாள். லெஃப்கிக்கு ஓடவும் தோன்றவில்லை.

விடிந்து வெயில் வந்தது. இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். வெறும் கரட்டுக் கல். உளித்தடம் மட்டுமே இருந்தது.

"திருப்பி வச்சிடவாக்கா?"

"வேண்டாம். துப்பாக்கி நின்ன பக்கத்தை அவங்க இனியும் பார்க்க வேண்டாம்."

மதில் முழுக்க உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருந்தது. ஒவ்வொரு சிலைக்கும் வாய் இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே மட்டும், மூச்சு பட்டாற்போல் உள்ளங்கையளவு உருகி ஈரமாயிருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஈரம் மெல்ல விரிந்தது.